வலப்பக்கம்

குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன் கிளினிக்கில்.
டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார்,
பிறகு என் சட்டையைப் பார்த்தார்.
அதில் சேற்றுக் குளம்பு ஒன்று
தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தது.
ஒன்றும் பேசாமல் பதினான்கு நாள் எம்சி எழுதினார்.
முதலாளியும் நானே, கூலியும் நானே.
எம்சியை யாரிடம் நீட்டுவது?

சிலிம் ரிவரில் செய்தி
செம்பனை லோரியைவிட வேகமாகப் போகும்.
நான் வீடு சேர்வதற்குள்
சாப்பாட்டுக் கடையில் சிரித்து முடித்திருந்தார்கள்:
குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம்.
இத்தனை நாள் சும்மா கிடந்த பழமொழி,
அன்றைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ஈப்போ ரேஸ் கோர்ஸில் இருபத்திரண்டு வருஷம் நான்.
லக்கி கேப்டனை நானே பார்த்து வாங்கினேன்,
ஓடி ஓய்ந்த சாம்பல் வெள்ளை, ஒன்பது வயது,
மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஆகும் என்று.
மூன்று வாரத்தில் தஞ்சோங் மாலிமில் கல்யாணம்.
எண்ணூறு வெள்ளி முன்பணம்
தீவனமாகி, சாணமாகி,
வாழைக்கன்றின் தூருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மேளம் கேட்டால் சுழன்றது.
ஆள் நெருங்கினால் உதைத்தது.
சுழி சரியில்லை என்றேன்.
திமிர் என்றேன்.
சாட்டையை ஆணியில் மாட்டினேன்,
எடுத்தேன்,
மாட்டினேன்.

கூப்பிட ஒருத்தி இருந்தாள்.
அதுதான் சங்கடம்.

விமலேஸ்வரி. என் கீழ் நான்கு வருஷம் லாயம் கழுவியவள்.
குதிரை ஏற்றிவிடக் கேட்ட அன்று
பத்துப் பேர் நடுவில் சொன்னேன்:
"வாளி தூக்கு. கடிவாளம் உன் கைக்குப் பெரிசு."
இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறாள்.
ஞாயிறுகளில் பீடோரில் ஒரு சீனரின் குதிரைகளைப் பழக்குகிறாள்.
என் வாசலைத் தினம் இரண்டு தடவை கடக்கிறாள்,
ஹார்ன் அடிப்பதில்லை.

போனை எடுத்தேன்.
'ஒரு சின்ன விஷயம்' என்று எழுதி அழித்தேன்.
'ஃப்ரீயா இருந்தா' என்று எழுதி அழித்தேன்.
'குதிரைக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதினேன்.
பொய் என்று அதையும் அழித்தேன்.

பிறகு ஒரு மத்தியானம்,
பால் ஆலைப் புகை தாழ்ந்து
மழைக்கு முன் மூக்கை அடைக்கும் நேரம்,
சாலையோரம் போய் நின்றேன்.
வலது கை தூக்க விலா விடவில்லை.
இடது கையைத் தூக்கினேன்.
வேன் நின்றது.
கண்ணாடி நெடுக நெற்றி ஒட்டிய பிள்ளைகள்,
எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னால முடியல, விமலா. வந்து பாக்குறியா?"

ஐந்து சொல்.
அவள் குத்திப் பேசினால் திருப்பிச் சொல்ல
ஒரு மூட்டை வைத்திருந்தேன்.
"பிள்ளைங்களை இறக்கிட்டு வரேன்" என்று
கியரை மாற்றினாள்.
மூட்டை என் தோளிலேயே இருந்தது.

ஐந்தரைக்கு வந்தாள், வெறுங்கையோடு.
நான் எப்போதும் போல் இடப்பக்கம் நின்றேன்.
அவள் தூரமாகச் சுற்றி வலப்பக்கம் போனாள்,
சத்தமில்லாமல் ஒரு விரலை
கேப்டனின் கண்ணருகே கொண்டுபோனாள்.
இமை அசையவில்லை.

"இந்தக் கண்ணுல பனி மாதிரி இருக்கு, அண்ணே.
எப்போலேருந்து?"

சேணம் இடப்பக்கம், கடிவாளம் இடப்பக்கம்,
ஏறுவது இறங்குவது இடப்பக்கம்.
வலப்பக்கம் நான் போனதெல்லாம் அதட்டலோடுதான்.
எப்போலேருந்து என்று
எனக்கு எப்படித் தெரியும்?

"போறதுக்கு முன்னால பேசுங்க.
யாரு வர்றதுன்னு சொல்லிட்டுப் போங்க."
பெட்ரோலுக்கு இருபது வெள்ளி நீட்டினேன்.
வாங்கி, மடித்து, பையில் வைத்துக்கொண்டாள்.
பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
எடுத்திருக்க வேண்டியவன் நான்.

மறுநாள் காலை வேன் கடந்தது.
ஹார்ன் இல்லை.
தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு
வலப்பக்கமாக நடந்தேன்,
விலா வலிக்க, குரல் சரிப்படாமல்:
நான்தான்.
குணாளன்.
வர்றேன்.